படபடப்பு, சோர்வு, மறதி, எரிச்சல் எல்லாம் ஒன்றாக வந்தால் எதை எதோடு சேர்ப்பது?

#1 வேப்பம்பூ

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வயது முப்பத்தெட்டு, இரண்டு பிள்ளைகள். ஏழெட்டு மாதமாக உடம்பும் மனசும் ஒரு மாதிரி இருக்கிறது. விடியற்காலை மூன்று மணிவாக்கில் முழிப்பு தட்டிவிடும், அப்புறம் தூக்கம் கிடையாது. எழுந்து பால் காய்ச்சுவதே மலைப்பாக இருக்கும். மதியத்துக்கு மேல் கொஞ்சம் தேவலை. ஆனால் சாயந்திரம் ஜி.எஸ்.டி. பில்களைச் சரிபார்க்க உட்கார்ந்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும், உள்ளங்கை வியர்க்கும். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாலும் மண்டையில் ஏறாது. வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறேன்.

ஒருநாள் நெஞ்சை அடைத்ததும் பயந்து ஈ.சி.ஜி., எக்கோ இரண்டும் எடுத்தோம். இதயம் நன்றாக இருக்கிறது, கேஸ்தான் என்று மாத்திரை கொடுத்தார்கள். தூக்கத்துக்கு அல்பிரஸோலம் எழுதினார்கள். அதைப் போட்டால் தூக்கம் வருகிறது, அதனால் அதே சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

இணையத்தில் அறிகுறிப் பட்டியல்களைப் பார்த்தால் மனச்சோர்வும் பொருந்துகிறது, பதற்றக் கோளாறும் பொருந்துகிறது, ஏ.டி.எச்.டி.யும் (சின்ன வயதிலிருந்தே கவனம் நிற்காத கோளாறு) பொருந்துகிறது. அடுப்பை நினைத்தால் ஓ.சி.டி.யோ (ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கோளாறு) என்றுகூடத் தோன்றுகிறது. இத்தனையும் ஒரே ஆளுக்கு இருக்குமா? இதே மாதிரிக் கலவையாக வந்தவர்கள் எப்படிப் பிரித்துப் பார்த்தீர்கள்? விடை தெரியும் வரை அன்றாட வேலையை எப்படி ஓட்டினீர்கள்? வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் "ரெஸ்ட் எடு, சரியாயிடும்" என்பதைத் தாண்டி அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

#2 இரவு_ஷிப்ட்

அக்கா, ரத்தம் டெஸ்ட் பண்ணினீர்களா? டி.எஸ்.எச். (தைராய்டுக்கானது), ஹீமோகுளோபின், பி-12, சர்க்கரை இந்த நான்கும். என் மனைவியைச் சோம்பேறி, மறதிக்காரி என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில் தைராய்டு. எடை கூடியது, மலச்சிக்கல், முடி கொட்டியது, மார்கழியில் மற்றவர்களைவிட அதிகம் குளிர்ந்தது எல்லாம் கூடவே இருந்தது, யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. தைராய்டு குறைந்தால் சோர்வு, கூடினால் படபடப்பும் கை நடுக்கமும். மனசு டாக்டரிடம் போகும் முன்பே இதை முடித்துவிடலாம், ஒரு காலை நேர வேலைதான்.

#3 ஓ.பி.சீட்டு

மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். டாக்டர் இல்லை, நோய்க்குப் பெயர் வைப்பதும் என் வேலை இல்லை. ஆனால் அரசு மருத்துவமனை மனநல ஓ.பி.யில் டாக்டரைப் பார்க்கும் முன் உட்காரவைத்துக் கதை கேட்டு எழுதுவது நான்தான். நீங்கள் எழுதியது போலத்தான் வருகிறவர்களில் பலர் சொல்வார்கள்.

எல்லாம் பொருந்துகிறதே என்று குழம்ப வேண்டாம், பட்டியல்களே அப்படித்தான் இருக்கின்றன. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்ற மனநோய்க் கையேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுப் பதற்றக் கோளாறுக்கு அது சொல்லும் ஆறு அறிகுறிகள்: நிலைகொள்ளாமை, சீக்கிரம் களைத்துப்போவது, கவனம் நிற்காதது, எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் கெடுதல். இவற்றில் எரிச்சலையும் தசை இறுக்கத்தையும் எடுத்துவிட்டால் மீதி நான்கும் பெரியவர்களுக்கான மனச்சோர்வுப் பட்டியலிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன. கவனமும் நிலைகொள்ளாமையும் ஏ.டி.எச்.டி.யிலும் வரும். எத்தனை அறிகுறி பொருந்துகிறது என்று எண்ணிக்கொண்டே போனால் விடை வராது. காய்ச்சல் என்றதும் டெங்கு என்று யாரும் முடிவு கட்டுவதில்லையே, எத்தனை நாளாக, குளிரோடு வந்ததா என்று கேட்போம் இல்லையா?

நாங்களும் அப்படித்தான் காலத்தைக் கேட்போம். முதலில் வந்தது எது? அது வந்தபோது வீட்டில், வேலையில் என்ன நடந்தது? தொடர்ந்து இருக்கிறதா, நடுவில் பழையபடி ஆகிவிடுகிறீர்களா? மனச்சோர்வு என்று சொல்ல, மனம் வெறுமையாக இருப்பதோ, எதிலும் பிடிப்பு இல்லாமல் போவதோ இரண்டில் ஒன்றாவது நாளின் பெரும்பகுதி, குறைந்தது இரண்டு வாரம் இருந்திருக்க வேண்டும். பொதுப் பதற்றக் கோளாறுக்கு ஆறு மாதம் கணக்கு, அதுவும் ஒரே விஷயத்தைப் பற்றி இல்லாமல் பல விஷயங்களைப் பற்றிய கவலை. ஏ.டி.எச்.டி. என்றால் சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். முப்பத்தேழு வயது வரை கணக்கில் புலியாக இருந்தவருக்குப் புதிதாக அது முளைக்காது.

நான் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம், போக ஆசையாக இருக்கிறதா? பதற்றம் மட்டும் உள்ளவர், "போகணும்தான், ஆனா அந்தக் கூட்டத்தை நெனச்சாலே நெஞ்சு அடிக்குது" என்பார். மனச்சோர்வில் இருப்பவர், "யார் கல்யாணமா இருந்தா என்ன" என்பார். இரண்டையும் சேர்த்துச் சொல்பவர்களும் நிறைய. இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வமே இல்லை.

மூன்று மணி முழிப்பும், காலையில் பாரமாக இருந்து மதியத்துக்கு மேல் லேசாவதும் மனச்சோர்வுப் பக்கம் சாய்கிறது. படுத்ததும் தூக்கம் வராமல் நாளைய வேலை ஓடிக்கொண்டே இருந்தால் பதற்றப் பக்கம். விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், சாய்வு மட்டும்தான். அடுப்பை ஒருமுறை திரும்பி வந்து பார்ப்பது தூக்கம் கெட்ட யாருக்கும் நடக்கும். பார்த்த பிறகும் நம்ப முடியாமல், வேலைக்குப் போவதே தடைப்படும் அளவுக்குப் போனால் தனியாகச் சொல்லுங்கள்.

இரவு_ஷிப்ட் சொன்ன ரத்தப் பரிசோதனை மிக முக்கியம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. அதிலும் களைப்பு, படபடப்பு, கவனக்குறைவு எல்லாம் வரும்.

#4 பத்து_டேப்_திறந்தவன்

ஏ.டி.எச்.டி. பற்றி மட்டும் சொல்கிறேன், எனக்கு அது இருக்கிறது. சென்னையில் மென்பொருள் வேலை.

வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். டாக்டர் முதலில் கேட்டது என் ரேங்க் கார்டை. அம்மா பத்திரமாக வைத்திருந்தார். ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு ஆசிரியர் "கெட்டிக்காரன், ஆனால் வகுப்பில் கவனம் இல்லை", "நோட்டைத் தொலைத்துவிடுகிறான்" என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு அம்மாவிடம் தனியாகப் பேசினார். இணையச் சோதனையில் நான் எடுத்த மதிப்பெண்ணை அவர் பார்க்கக்கூட இல்லை.

இதில் சிக்கல் என்னவென்றால், கவனம் சிதறுவதால் வேலை தங்கும், வேலை தங்கினால் மேனேஜர் கூப்பிடுவாரோ என்று படபடப்பு வரும், படபடப்பில் இருக்கிற கவனமும் போய்விடும். ஆக எனக்குப் பதற்றமும் நிஜம்தான், அது இன்னொன்றின் மேல் ஏறி வந்தது. சிகிச்சையிலும் இரண்டையும் பார்க்க வேண்டியிருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரு வித்தியாசம்: பதற்றத்தில் கவனம் போகும்போது அது எங்கே போனது என்று தெரியும், கவலைப்படும் விஷயத்துக்குப் போயிருக்கும். ஏ.டி.எச்.டி.யில் எங்கே போனது என்றே தெரியாது. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன், சந்தோஷமாகத்தான் இருப்பேன்.

இப்போது ரீல்ஸ் பார்ப்பவர்கள் எல்லோரும் தங்களுக்கு ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். சாவியைத் தொலைப்பவர்கள் அத்தனை பேருக்கும் அது இருந்தால் பூட்டுக்கடைக்காரர்களுக்கு யோகம்தான்.

#5 ஊர்க்குருவி

தவறாக நினைக்க வேண்டாம். சகோதரி சொன்னதை என் பாட்டியிடம் சொல்லியிருந்தால் "வேலைப்பளு, தூக்கமில்ல, ரத்தமில்ல" என்று மூன்றே வார்த்தையில் முடித்திருப்பார். ஏழு மாதம் தூங்காதவர் எரிந்துதான் விழுவார். அதற்கு நான்கு இங்கிலீஷ் பெயரா? எனக்குக் கடன் இருந்த காலத்தில் இதே படபடப்பு இருந்தது. கடன் அடைந்தது, படபடப்பும் போனது. பெயர் வைத்துவிட்டால் மனிதன் அந்தப் பெயருக்கே நோயாளியாகிவிடுகிறான் என்பது என் கட்சி. காலையில் நடங்கள், போனைத் தள்ளிவையுங்கள், காபியைக் குறையுங்கள்.

#6 ஓ.பி.சீட்டு

ஊர்க்குருவி, உங்கள் பாட்டி ரத்தம் இல்லை என்று சொன்னாரே, அது பாதிப் பரிசோதனை. நடையும் காபியும் நானும் சொல்பவைதான். சாயந்திரம் ஐந்து மணிக்குக் குடித்த ஃபில்டர் காபியில் பாதி இரவு பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும். கடன், மாமியார் சண்டை, மேலதிகாரியின் வசவு இவற்றை மாத்திரை தீர்க்காது என்பதும் உண்மை. ஓ.பி.க்கு வருபவர்களில் மாத்திரையைவிட ரேஷன் கார்டும் முதியோர் உதவித்தொகையும் முதலில் தேவைப்படுபவர்கள் உண்டு. எங்கள் வேலையில் ஒரு பகுதி அதுதான்.

ஆனால் கடன் அடைந்தும் படபடப்பு போகாதவர்களைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் இருந்தது. மனச்சோர்வு, பதற்றம் மாதிரி பரவலாக இருக்கும் கோளாறுகளிலேயே பத்தில் எட்டு பேருக்கு மேல் சிகிச்சை கிடைக்காதவர்கள் என்று அது சொன்னது. பெயர் வைத்ததால் நோயாளியானவர்களைவிட, பெயரே இல்லாமல் கேஸ் மாத்திரையிலும் ஸ்கேனிலும் பணத்தைக் கரைப்பவர்கள் அதிகம்.

#7 காவிரிக்கரை

பெயர் தேவையில்லை என்ற பேச்சுக்கு நான் எதிர்க்கட்சி. பெயர் மாறினால் மருந்து மாறும்.

எனக்கு பைபோலார், அதாவது மனச்சோர்வும் மிகை உற்சாகமும் மாறி மாறி வரும் நோய். கல்லூரி முடித்த கையோடு கடுமையான மனச்சோர்வு வந்தது. மாதக்கணக்கில் படுக்கை, குளிக்கக்கூடத் தோன்றாது. அதற்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள். சில வாரங்களில் சோர்வு போனது. அத்தோடு நிற்கவில்லை. இரவு மூன்று மணி நேரம் தூங்கினால் போதும், களைப்பே இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு தொழில் தொடங்கத் திட்டம், நண்பர்களிடம் கடன், பஸ்ஸில் தெரியாதவர்களிடம் நிறுத்தாமல் பேச்சு. வீட்டில் "பையன் தேறிட்டான்" என்று சந்தோஷப்பட்டார்கள். அப்புறம் ஒரு ராத்திரி கடைத்தெருவில் பெரிய ரகளை, மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. பைபோலார் உள்ளவருக்குச் சோர்வு மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் இப்படி மறுபக்கம் தூக்கிவிடும் ஆபத்து உண்டு என்று அங்கேதான் தெரிந்தது.

பைபோலார் பலருக்குச் சோர்வாகத்தான் முதலில் வெளிப்படும். உற்சாகக் காலத்தை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை, அது நோய் மாதிரியே இருக்காது. பள்ளியில் படிக்கும்போதே எனக்கு அப்படி ஒரு வாரம் வந்திருக்கிறது. "புள்ளைக்குத் தேர்வு ஜுரம்" என்று சொல்லிவிட்டார்கள்.

வேப்பம்பூ, எரிச்சலும் தூக்கமின்மையும் என்று சொன்னீர்கள். உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்: தூக்கம் குறைந்தபோது மறுநாள் துவண்டுவிடுகிறீர்களா, இல்லை தூங்காமலே துள்ளிக்கொண்டு இருக்கிறீர்களா? முதலாவது என்றால் சோர்வும் பதற்றமும். இரண்டாவது, தொடர்ந்து நான்கு நாளாவது, பார்ப்பவர்களுக்கே வித்தியாசம் தெரியும்படி எப்போதாவது இருந்திருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்காவது பைபோலார் இருந்தால் அதையும். "எங்க பரம்பரையில அப்படி யாரும் இல்ல" என்று வீட்டில் சொல்வார்கள். ஊரை விட்டுப் போன சித்தப்பா, சாமியாராகிப்போன மாமா, இவர்களைப் பற்றிக் கொஞ்சம் விசாரியுங்கள்.

இப்போது லித்தியம் என்ற மருந்தில் இருக்கிறேன். ரத்தத்தில் அதன் அளவையும், தைராய்டையும், சிறுநீரகத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் தண்ணீர் குறையக் கூடாது. வேலைக்குப் போகிறேன், கல்யாணமும் ஆகிவிட்டது.

#8 மட்டுறுத்துநர்

இரண்டு பதில்களில் மருந்தின் அளவு எழுதப்பட்டிருந்தது, நீக்கியிருக்கிறேன். மருந்தின் பெயரைச் சொல்லலாம், அளவு வேண்டாம்.

இன்னொன்று. படிப்பவர்களில் யாருக்காவது உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்துகொண்டிருந்தால், எந்தப் பெயர் பொருந்துகிறது என்று ஆராயும் நேரம் இது இல்லை. இந்தியாவில் 14416 (டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை). இலங்கையில் அதே மாதிரி உதவிக்கு 1926. கூட இருப்பவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

#9 பனங்கூடல்

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். இஞ்சை ஆக்கள் கிளினிக்குக்கு வந்து மனம் சரியில்லை என்று சொல்வது குறைவு. நெஞ்சு நோ, தலையிடி, உடம்பெல்லாம் உளைவு, "ஒரே யோசனை" என்றுதான் தொடங்குவார்கள். என்ர அம்மாவும் அப்படித்தான். சுகர், பிரஷர் கிளினிக்கிலேயே பல வருசம் ஓடினது.

அம்மாவுக்கு நித்திரை இல்லை, கவனம் இல்லை, கோபம் வரும், ஒன்றிலும் விருப்பம் இல்லை. மனச்சோர்வு என்றே எல்லோரும் நினைத்தோம். ஆனால் பட்டாசுச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவா. மே மாதம் வந்தால் எல்லாம் இரண்டு மடங்கு. வன்னியில் இருந்த நாட்களைப் பற்றி யாரும் கதைத்தால் எழும்பிப் போய்விடுவா. இதை நாங்கள் ஒரு அறிகுறியாகவே எண்ணவில்லை, வீட்டுக்கு வீடு இருக்கிற விசயம்தானே. பிறகு ஒரு டொக்டர் ஆறுதலாக இருந்து கேட்டபோதுதான் விளங்கியது, சோர்வும் உண்டு, அதுக்குக் கீழே போர் தந்த மனவடுவும் உண்டு. யாழ் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் ஐயா போன்றவர்கள் இதைப் பற்றிப் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

அக்காவிடம் நான் கேட்பது, இந்த ஏழெட்டு மாதத்துக்கு முன்னர் ஏதும் நடந்ததா? விபத்து, இழப்பு, யாராவது உங்களைப் பயப்படுத்தியது? இங்கே எழுத வேண்டாம். ஆனால் டொக்டரிடம் சொல்லுங்கோ. சத்தத்துக்குத் திடுக்கிடுவது, கெட்ட கனவு, ஒரு இடத்தையோ ஒரு ஆளையோ தவிர்ப்பது, இவை பதற்றம் மாதிரியே தெரியும், வேர் வேற.

#10 வேப்பம்பூ

எல்லோருக்கும் நன்றி. பனங்கூடல், உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனை வைத்துவிட்டேன். ஒன்று இருக்கிறது, டாக்டரிடம் சொல்கிறேன்.

காவிரிக்கரை, துள்ளல் எல்லாம் இல்லை, மறுநாள் துவண்டுதான் கிடக்கிறேன். கல்யாணக் கேள்விக்கு என் பதில் இரண்டும்: போகவும் பிடிக்கவில்லை, நினைத்தாலே படபடப்பும் வருகிறது.

டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம் ஆகும். அது வரைக்கும் சாயந்திரப் படபடப்புக்கும் காலை மலைப்புக்கும் என்ன செய்வது?

#11 சுண்டல்_டப்பா

நான் எம்.எஸ்சி. உளவியல் முடித்து ஆலோசகராக இருக்கிறேன். பெயர் எதுவாக இருந்தாலும் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலில் ஒரு நோட்டு. நாற்பது பக்க நோட்டு போதும், ஆப் வேண்டாம். போனைத் திறந்தால் வேறு எங்கோ போய்விடுவோம். தூங்கிய நேரம், முழித்த நேரம், காலை மனநிலை பத்துக்கு எவ்வளவு, படபடப்பு வந்த நேரமும் அப்போது செய்துகொண்டிருந்த வேலையும், காபி எத்தனை, மாத்திரை என்ன, மாதவிலக்கு நாள். இவ்வளவுதான், இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. மாதவிலக்கை விட்டுவிடாதீர்கள். சிலருக்கு அதற்கு முந்தைய வாரம் மட்டும் எல்லாம் உச்சத்துக்குப் போய், வந்ததும் வடிந்துவிடும். நோட்டு இல்லாவிட்டால் அது கண்ணில் படாது. சிலருக்கு நாற்பதை நெருங்கும்போதே சுழற்சி மாறத் தொடங்கி, அதனாலும் தூக்கமும் மனநிலையும் ஆடும்.

காலை மலைப்புக்கு: மனம் வந்தால் எழுவோம் என்று காத்திருந்தால் சோர்வில் மனம் வராது. வேலையை முதலில் செய்தால் மனம் பின்னால் வரும், அதுவும் மெதுவாகத்தான். அதனால் வேலையை வெட்கப்படும் அளவுக்குச் சின்னதாக்குங்கள். "சமைக்கணும்" என்று எண்ண வேண்டாம், "எழுந்து வாசல் கதவைத் திறக்கணும்" போதும். வெளிச்சத்தில் நில்லுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் எழுகிற நேரத்தை மாற்றாதீர்கள், ஞாயிற்றுக்கிழமையும்கூட. மூன்று மணிக்கு முழித்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, கண் சொக்கினால் திரும்பப் படுங்கள்.

சாயந்திரப் படபடப்பு வேறு ரகம். இங்கே அடிக்கடி ஒரு குழப்பம் நடக்கும். சோர்வுக்கு "செய், தவிர்க்காதே" என்றால், பதற்றத்துக்கு "ஓய்வெடு, ஒதுங்கு" என்று நினைத்துக்கொள்வார்கள். ஒதுங்க ஒதுங்கப் பதற்றம் வளரும். பில்லை மூடி வைத்துவிட்டு ஓடினால் படபடப்பு உடனே குறையும், நாளைக்கு அதே பில் இன்னும் பயமாக இருக்கும். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கி ஐந்து நிமிடம் விடுங்கள், அப்புறம் அதே இருக்கையில் பத்தே பத்து பில். பேனிக் (திடீரென்று தாக்கும் கடும் பதற்றம்) என்றால் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரைமணிக்குள் இறங்கிவிடும். இறங்கும் என்று தெரிந்திருப்பதே பாதி மருந்து.

ஒரு எச்சரிக்கை. ஈ.சி.ஜி. ஒருமுறை நன்றாக இருந்தது என்பதற்காக நெஞ்சுவலி எல்லாவற்றையும் பதற்றம் என்று எழுதிவிடாதீர்கள். மாடி ஏறும்போது வலி, கையிலோ தாடையிலோ பரவுவது, மயக்கம் என்றால் நேராக 108.

பிள்ளைகள் மேல் விழும் எரிச்சலுக்கு என்னிடம் பெரிய வித்தை ஏதும் இல்லை. வேலையிலிருந்து வந்ததும் பதினைந்து நிமிடம் யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவையுங்கள். "ரெஸ்ட் எடு" என்று சொல்பவரிடம் அந்தப் பதினைந்து நிமிடத்தை ஒப்படையுங்கள்.

#12 ஊர்க்குருவி

நோட்டு யோசனை நல்லது. எழுதினால் பாதித் தெளிவு வரும் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நாளைக்கு ஒருமுறைக்கு மேல் எழுத வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். என் தம்பி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடி பிடித்துப் பார்த்தே படபடப்பை வரவழைத்துக்கொண்டவன்.

#13 சுண்டல்_டப்பா

முழுக்கச் சரி. நாடி பார்ப்பது, பிரஷர் மெஷினை மடியில் வைத்துக்கொள்வது, ராத்திரி கூகுளில் தேடுவது, மூன்றும் பதற்றத்துக்குத் தீனி. இரவு படுக்கும் முன் ஒருமுறை, அவ்வளவுதான்.

#14 வேப்பம்பூ

போய்வந்தேன். அரசு மருத்துவமனைதான், காத்திருந்த நேரம் அதிகம், ஆனால் டாக்டர் அவசரப்படவில்லை.

ஹீமோகுளோபின் ஒன்பது சொச்சம். டி.எஸ்.எச். கொஞ்சம் கூடுதல் (தைராய்டு குறைந்தால் இது கூடுமாம்), ஆறு வாரம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொன்னார்கள். இரும்புச் சத்து மாத்திரை தொடங்கியாயிற்று. மனநலப் பிரிவில் இரண்டு கேள்வித்தாள் கொடுத்தார்கள், ஒன்று சோர்வுக்கு (பி.எச்.க்யூ-9), இன்னொன்று பதற்றத்துக்கு (ஜி.ஏ.டி.-7). இரண்டிலும் பத்துக்கு மேல். இதை வைத்து நோயை முடிவு செய்வதில்லை, கூடுகிறதா குறைகிறதா என்று அளக்கத்தான் என்றார்கள். சீட்டில் எஃப்41.2 என்று எழுதியிருக்கிறது. பதற்றமும் சோர்வும் கலந்து, எது முக்கியம் என்று பிரிக்க முடியாத நிலைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலேயே ஒரு எண் இருக்கிறதாம்! நான் இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விக்கு அவர்கள் ஏற்கெனவே ஒரு டப்பா செய்து வைத்திருக்கிறார்கள். இப்போதைக்கு இந்தப் பெயர், ரத்தம் ஏறிய பிறகும் என்னென்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்து மாற்றலாம் என்றார்.

ஏ.டி.எச்.டி. இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பள்ளியில் நான் கிளாஸ் லீடர் என்று தெரிந்ததும்.

சோர்வுக்கும் பதற்றத்துக்கும் எஸ்சிடலோபிராம் என்ற மாத்திரை எழுதியிருக்கிறார். ஒரு சந்தேகம், அல்பிரஸோலம் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன். இனிமேல் வேண்டாம் என்று நானே நிறுத்திவிடலாமா?

#15 ஓ.பி.சீட்டு

நீங்களாக நிறுத்தாதீர்கள். மாதக்கணக்கில் தினமும் போட்டு வந்திருந்தால் சட்டென்று நிறுத்தும்போது தூக்கம் போய், படபடப்பு முன்னைவிட மோசமாகும், சிலருக்கு வலிப்புகூட வரும். அப்போது புது மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அதையும் விட்டுவிடுவீர்கள். அடுத்த முறைக்குக் காத்திருக்காமல் நாளைக்கே போய், எவ்வளவு நாளாகப் போடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். படிப்படியாகக் குறைக்க அட்டவணை எழுதித் தருவார்கள். அது எச்1 அட்டவணை மருந்து, அதாவது விற்பனைக்குக் கட்டுப்பாடு உள்ளது, பழைய சீட்டுக்கு மருந்துக்கடையில் திரும்பத் திரும்பக் கொடுத்திருக்கவே கூடாது.

புது மாத்திரையில் முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டலும் படபடப்பும் கொஞ்சம் கூடலாம். பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். காவிரிக்கரை சொன்ன மாதிரி தூக்கமே இல்லாத துள்ளல் வந்தால், அல்லது சாவைப் பற்றிய எண்ணம் வந்தால், தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

#16 இரவு_ஷிப்ட்

இரும்புச் சத்து மாத்திரையைக் காபி, டீயோடு போடாதீர்கள் அக்கா, உடம்பில் ஏறாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

#17 வேப்பம்பூ

சரி. நாளைக்குக் காலையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டேன், அல்பிரஸோலம் அட்டையையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன். வீட்டுக்காரரும் வருகிறார்.